பத்து ரூபாயில் வெப்பமண்டலம்

சின்னஞ்சிறு உயிர்களைப் படமெடுப்பவர்களுக்கு என்று சில புண்ணியத் தலங்கள் உண்டு. தவளைக்கு கோஸ்டா ரிக்கா, பச்சோந்திக்கு மடகாஸ்கர், வண்டுக்கு போர்னியோ. லட்சக்கணக்கில் பணம் கட்டி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு போவார்கள். வழிகாட்டி டார்ச் அடித்துக் காட்டும் ஒரே இலையை ஆளாளுக்குச் சுற்றி நின்று எடுத்துத் தள்ளுவார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கல்லூரித் தோழன் அந்த ஜாதி. தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன், "அடுத்த வருஷம் கோஸ்டா ரிக்கா போறோம், நீயும் வாடா" என்றான். நான் போனில் வரைபடத்தைத் திறந்து காட்டினேன். கோஸ்டா ரிக்கா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகையில் இருக்கிறது. தாம்பரம் 13-க்குச் சற்றுக் குறைவு. இரண்டும் வெப்பமண்டலம்தான். ஒன்றுக்கு விமானம் மாறி மாறிப் போக வேண்டும். மற்றதற்கு எழும்பூரில் பத்து ரூபாய் டிக்கெட்.

"தாம்பரத்துல டிராஃபிக்கைத் தவிர என்னடா இருக்கு?" என்று சிரித்தான். சிரித்தாலும் வந்தான்.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் எட்டிப்பார்த்த ஞாயிற்றுக்கிழமை அது. பூச்சி பார்க்கச் சென்னையில் இதைவிட நல்ல நேரம் கிடையாது. கோடையில் காய்ந்து கிடந்த செடியெல்லாம் தழைத்திருக்கும். தழையைத் தின்ன ஒன்று, தின்பதைத் தின்ன இன்னொன்று என்று எல்லாமே முட்டையிலிருந்து வெளிவந்திருக்கும். காலை மின்ரயிலில் கூட்டமும் இல்லை. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் மின்ரயில் ஓடுகிறது. அந்தத் தடத்தில் படமெடுக்கப் போகிறவன் ஜன்னலோர இருக்கையைப் பிடித்துக்கொண்டால் சைதாப்பேட்டையிலேயே பயணம் தொடங்கிவிடும்.

சைதாப்பேட்டையில் இப்போது பார்க்க ஒன்றும் இல்லை, கதைதான் இருக்கிறது. 1780களின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இங்கே ஒரு கள்ளித் தோட்டம் போட்டார். கள்ளி அவருக்கு முக்கியம் இல்லை. அதில் வளரும் ஒரு பூச்சிதான் முக்கியம். காக்கினீல் என்ற அந்தச் செதில்பூச்சியை நசுக்கினால் ரத்தச் சிவப்பில் சாயம் வரும். அந்தச் சாய வியாபாரம் ஸ்பெயின்காரர்களின் பிடியில் இருந்தது, மெக்சிகோவிலிருந்து வெளியே விடமாட்டார்கள். அதை உடைக்கத்தான் சைதாப்பேட்டைத் தோட்டம். 1790களில் பிரேசில் பக்கமிருந்து ஒரு கப்பல் கேப்டன் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த பூச்சி சென்னைக்கும் வந்தது. ஆனால் அது தரம் குறைந்த வேறு இனம். சாயம் தேறவில்லை. பூச்சி மட்டும் சப்பாத்திக்கள்ளியை வெளுத்துக்கட்டியது. பிறகு 1830களில் தென்மாவட்டங்களில் பரவிய கள்ளியை அழிப்பதற்கென்றே அதைக் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு பூச்சியைக் கொண்டு ஒரு களையை ஒழித்த உலகின் ஆரம்பகால வெற்றிகளில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். பூச்சியின் நிறத்துக்காக இந்தப் பக்கம் அலைந்தவர்களில் நாங்கள் முதல் ஆட்கள் இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவும்.

தாம்பரத்தில் இறங்கிக் கிழக்குப் பக்கம் நடந்தால் சென்னை கிறித்துவக் கல்லூரி. ஜார்ஜ் டவுன் நெரிசலில் இருந்த கல்லூரி 1937இல் சேலையூர்க் காட்டுக்குக் குடிவந்தது. 300 ஏக்கருக்கு மேல் இடம். கட்டடம் கட்டிய இடம் போக மீதியை வெட்டிச் சமன் செய்யாமல் விட்டார்கள், அதுதான் பெரிய காரியம். வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் செடிகொடிகளில் பெரும் ஈடுபாடு கொண்டவர், வளாகத்தின் தாவரங்களைத் தேடித் தேடிப் பதிந்தவர். வெளியே கேம்ப் ரோட்டில் ஹாரன் சத்தம். உள்ளே களாவும் காரையும் சூரையும் பின்னிக்கிடக்கின்றன. சோழமண்டலக் கரையின் பழைய முட்புதர்க் காடு எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க இப்பக்கத்தில் எஞ்சியிருக்கும் சில இடங்களில் இது ஒன்று. கேமராவோடு நுழைய முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வாங்கியிருந்தேன்.

மழைக்காடு பார்த்துப் பழகியவனுக்கு முட்காடு முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். "எல்லாம் முள்ளா இருக்கே" என்றான். ஆமாம், முள்தான். இசங்கு என்று ஒரு செடி, ஒவ்வொரு கணுவிலும் முள், கை வைக்க முடியாது. ஆனால் ஸ்மால் சாமன் அராப் என்ற வண்ணத்துப்பூச்சிக்கு அதன் இலை வேண்டும். வெளிறிய மீன்சதை நிறத்தில் கறுப்பு விளிம்பு கட்டிய இறக்கை அதற்கு. முட்டைகளை இசங்கு இலையில் கூட்டமாக இடும், புழுக்களும் கூட்டமாகவே தின்று வளரும். பக்கத்தில் விழுதிச் செடி இருந்தால் கிரிம்சன் டிப் வரும். வெள்ளை இறக்கையின் நுனியை மட்டும் குங்குமத்தில் தோய்த்து எடுத்தது போன்ற பூச்சி அது. இவை இரண்டும் வறண்ட நிலத்துப் பிறவிகள். அடர்ந்த மழைக்காட்டில் தேடினால் கிடைக்காது. எந்தச் செடி எங்கே என்று தெரிந்தவன் பூச்சியைத் தேடி ஓட வேண்டியதில்லை. செடி பக்கத்தில் காத்திருந்தால் போதும். மேக்ரோ படமெடுப்பதில் முக்கால்வாசி தாவரவியல்தான், லென்ஸ் எல்லாம் அப்புறம்.

தோழன் முதலில் குப்புற விழுந்தது கிராஸ் ஜூவலுக்காக. இந்தியாவின் மிகச் சிறிய வண்ணத்துப்பூச்சிகளில் ஒன்று, இறக்கை விரித்தாலே இரண்டு சென்டிமீட்டர் தேறாது. தரையோடு படர்ந்த செடிகளின் மேல் கணுக்கால் உயரத்தில் தத்தித் தத்திப் பறக்கும். மேலிருந்து பார்த்தால் அழுக்குப் பழுப்பு. அதன் உயரத்துக்குப் படுத்துப் பார்க்க வேண்டும். பின்னிறக்கையின் அடிப்பக்க ஓரத்தில் ஆரஞ்சுப் பட்டை, அதன் மேல் வரிசையாகக் கறுப்புப் பொட்டு, ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் பச்சைநீலத்தில் மின்னும் செதில்கள். அந்த மினுக்கம் வெறும் கண்ணுக்கு எட்டாது. பூச்சி எவ்வளவு பெரியதோ அதே அளவில் அதன் உருவம் சென்சாரில் விழுகிற தூரத்துக்குப் போனால், கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். நாம் மூச்சு விட்டாலே ஃபோகஸ் கண்ணிலிருந்து காலுக்குப் போய்விடும். அவன் கேமராவின் விலைக்கு நல்ல மோட்டார்பைக் வாங்கலாம். என்னுடையது பழைய கேமரா, கிட் லென்ஸின் முன்னால் மாட்டும் ரேனாக்ஸ் கண்ணாடி, ஃபிளாஷ் வெளிச்சத்தை மிருதுவாக்க வெள்ளைத் தயிர் டப்பா. அவன் படம் என் படத்தைவிட நன்றாக வந்தது உண்மை. விலையின் வித்தியாசம் அளவுக்கு வந்ததா என்றால், இல்லை.

வளாகத்தை விட்டு சேலையூர் வழியாக ஏரிப்பக்கம் நடந்தோம். இந்தச் சேலையூரில்தான் ராமுலஸ் விட்டேகர் தன் பாம்புப் பண்ணையை முதலில் தொடங்கினார். 1972இல் அது கிண்டிக்குப் போய்ப் பெயர் பெற்றது. அந்தக் காலத்தில் பாம்பு வளர்க்க ஏற்ற ஒதுக்குப்புறமாக இருந்த ஊர் இன்று வரிசையாக அடுக்குமாடி. ஆனாலும் ஏரிகள் பெயருக்காவது இருக்கின்றன. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று சங்கிலித் தொடராகக் கிழக்கே இறங்கும் ஏரிகளின் நீர் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போய்ச் சேர வேண்டும். பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறியது. அங்கே பூநாரை வந்தால் பத்திரிகையில் படம் வரும். அதற்கு நீர் தரும் இந்தச் சின்ன ஏரிகளின் கரையில் என்ன இருக்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

எருக்கு இருக்கிறது. இந்தக் கட்டுரையின் கதாநாயகன் எருக்குதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரை, ரயில் பாதை ஓரம், காம்பவுண்டு போட்டுவிட்டு வீடு கட்டாத மனை என்று யாருக்கும் வேண்டாத இடத்தில்தான் எருக்கு தழைக்கும். பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்டப் பறிப்பதோடு சரி, மற்றபடி அது "புதர்". நாங்கள் குந்திய ஒரே செடியில் ஒரு பட்டாளமே இருந்தது. கொழுந்தின் அடியில் மஞ்சள் அசுவினிக் கூட்டம். நடு இலையில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று வளையம் வளையமாகப் போட்ட வெந்தய வரியன் புழு. ஒரு கிளையில் எருக்கு வெட்டுக்கிளி. தென்னிந்தியாவின் மிக அழகான பூச்சி எது என்று கேட்டால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். உடம்பெல்லாம் எலுமிச்சை மஞ்சள். அதன் குறுக்கே தலையிலிருந்து வால் வரை கருநீலப் பட்டைகள். முன்னிறக்கை பச்சைநீலம், அதில் மஞ்சள் புள்ளி. பறக்க எழும்போது மட்டும் வெளிர்சிவப்பில் பின்னிறக்கை தெரிந்து மறையும். நிறப்பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் கொட்டிவிட்டு இயற்கை அன்றைக்குச் சாப்பிடப் போயிருக்க வேண்டும்.

பத்துச் சென்டிமீட்டர் வரை நெருங்கியும் அது நகரவில்லை. நிதானமாக இலையின் விளிம்பை மென்றுகொண்டே ஒரு பக்கத்துக் கண்ணால் பார்த்தது. கோடு கோடாக வரி ஓடிய கண். முன்னங்கால் இரண்டும் இலையைப் பிடித்திருந்தன. வாயிலிருந்து எருக்கம்பால் கசிந்து தாடையில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. "என்னடா இது, போஸ் குடுக்குது!" என்று தோழன் வியந்தான்.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மா நின்று எங்களைப் பார்த்தார். "இன்னா தம்பி, எருக்கஞ்செடிகிட்ட குந்திக்கினு கீறீங்க? மருந்துக்கா?"

"இல்லம்மா, வெட்டுக்கிளிய படம் புடிக்கிறோம்."

"அத்தத் தொடாதீங்க. பீச்சி அடிக்கும். ஆடுங்களே அந்தச் செடிகிட்ட போவாது" என்று சொல்லிவிட்டு, இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்பதுபோல் போய்விட்டார்.

பூச்சியியல் புத்தகம் சொல்வதும் அவ்வளவுதான். எருக்கம்பாலில் இதயத்தை நிறுத்தக்கூடிய நஞ்சு இருக்கிறது. வெட்டுக்கிளி அதைத் தின்று செரிப்பதோடு நில்லாமல் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. சீண்டினால் முதுகுப் பக்கத் துளையிலிருந்து நஞ்சு கலந்த திரவத்தைப் பீச்சும். வரியன் புழுவும் அதே நஞ்சைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கிறது. மஞ்சளும் நீலமும் பறவைக்கு ஒட்டப்பட்ட எச்சரிக்கைச் சுவரொட்டி. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை வராது. அதனால் ஓடி ஒளிய வேண்டிய அவசியம் இந்தப் பூச்சிக்கு இல்லை. பளிச்சென்று இருப்பவை அசையாமல் உட்கார்வதும், மங்கலாக இருப்பவை நிழல் பட்டாலே பறப்பதும் இதனால்தான். கோஸ்டா ரிக்காவின் நச்சுத் தவளைகளும் இதே கணக்குத்தான். அவை தாமாக நஞ்சு சுரப்பதில்லை; தின்னும் எறும்பிலிருந்தும் உண்ணியிலிருந்தும் எடுத்துக்கொள்கின்றன. கண்ணாடித் தொட்டியில் வேறு தீனி போட்டு வளர்த்தால் நஞ்சு இல்லாமலே வளரும். ஆக, அங்கே பணம் கட்டிப் பார்க்கிற பாடத்தை இங்கே ஆடு மேய்க்கிறவர் இலவசமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். தோழன் பதில் பேசவில்லை, எடுத்துக்கொண்டே இருந்தான்.

கரையின் நீர்ப்பக்கம் நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டியிருந்தது. வெளியிலிருந்து வந்த செடி, ஏரிகளை அடைக்கும் செடி, அதன் மேல் எனக்கு மரியாதை கிடையாது. ஆனால் அதன் இலையில் ஓட்டைகள் இருந்தால் நான் நிற்பேன். இலையைத் திருப்பினால் ஆமை வண்டு. விரல் நகத்தைவிடச் சின்னது. உடம்பைச் சுற்றிக் கண்ணாடி போன்ற விளிம்பு, அதன் வழியே கீழே இருக்கும் இலையின் நரம்பு தெரியும். நடுவில் தங்கம். உவமைக்குச் சொல்லவில்லை, உருக்கி வார்த்த பொன்னின் அதே பளபளப்பு. தொந்தரவு செய்தால் ஆமையைப் போலக் காலையும் தலையையும் உள்ளே இழுத்து இலையோடு அப்பிக்கொள்ளும்.

இந்தத் தங்கத்தை யாரும் எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. அது சாயம் இல்லை. மேலோட்டின் மெல்லிய அடுக்குகளில் ஈரம் நிறைந்திருக்கும்வரை ஒளி பட்டுத் திரும்பி அந்த நிறம் தெரிகிறது. வண்டு செத்து ஈரம் காய்ந்தால் தங்கம் போய் மங்கிய பழுப்பு மிஞ்சும். அருங்காட்சியக இழுப்பறையில் ஊசி குத்தி வைத்திருக்கும் ஆமை வண்டைப் பார்த்தால் யாருக்கும் படம் எடுக்கத் தோன்றாது. உயிரோடு இருக்கும்போது எடுத்த படத்தில் மட்டும்தான் அந்தப் பொன் நிற்கும்.

பொன்வண்டு இதற்கு நேர் எதிர். நம்மில் பலர் பள்ளிக்கூட நாளில் தீப்பெட்டிக்குள் அடைத்து, இலை போட்டு, முட்டை வைத்ததா என்று மணிக்கொரு தரம் திறந்து பார்த்த அதே வண்டு. அதன் பச்சையும் ஒளி செய்யும் வித்தைதான், ஆனால் அடுக்குகள் கெட்டியானவை. செத்தாலும் மங்காது. மங்காததுதான் அதற்கு வினையானது. 19ஆம் நூற்றாண்டில் மஸ்லின் துணியில் வண்டிறக்கை வைத்துத் தைக்கும் வேலை சென்னையில் நடந்து, இங்கிலாந்துச் சீமாட்டிகளின் உடுப்பாகக் கப்பலேறியது. லண்டனில் 1888இல் லேடி மேக்பெத்தாக நடித்த எலன் டெர்ரியின் உடையிலும் வண்டிறக்கைகள்தான் மின்னின. அந்த உடையில் அவர் நிற்கும் கோலத்தை ஜான் சிங்கர் சார்ஜென்ட் ஓவியமாகத் தீட்டினார். இப்போது தாம்பரம் பக்கப் பிள்ளைகள் பொன்வண்டைப் பார்ப்பது அபூர்வம். வேலமரம் இருந்த இடங்கள் போனதும் அதுவும் போய்விட்டது.

சென்னையில் இயற்கையைப் படமெடுத்தவர்களில் முன்னோடி மா. கிருஷ்ணன். மயிலாப்பூரில் இருந்துகொண்டு, கறுப்பு வெள்ளைச் சுருளில், தானே கூட்டிக் கட்டிய கேமராவில் யானையையும் காட்டெருமையையும் எடுத்தவர். ஒளியும் நிழலும் போதும் அவருக்கு. யானைக்குப் போதும்தான். ஆமை வண்டுக்குப் போதாது என்பது என் கட்சி.

ஏரிக்கு வந்து சேரும் கால்வாயில் ஓடுவது நீரா, வீட்டுச் சாக்கடையா என்று கேட்க வேண்டாம், மூக்கே சொல்லிவிடும். அங்கேயும் ஆரஞ்சு உடம்பும் ஆரஞ்சு பூசிய இறக்கையுமாக டிட்ச் ஜூவல் என்ற தட்டான் குச்சிக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்தது. கெட்ட தண்ணீரிலும் முட்டையிட்டுப் பெருகக்கூடிய தட்டான் இது. இது மட்டும் நிறைய இருந்து மற்றவை இல்லை என்றால் நீர் கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். செம்பாக்கம் ஏரியை மீட்க தி நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, ஐஐடி மெட்ராஸ் ஆகியவை கைகோத்து வேலை பார்த்திருக்கின்றன. அந்த மாதிரி இடங்களில் தட்டான் வகைகளைப் படமெடுத்து வருஷா வருஷம் ஒப்பிட்டால் ஆய்வகத்துக்குப் போகாமலே ஏரியின் நாடி பிடிக்கலாம்.

தலைக்கு மேலே வேறொரு கூட்டம். வெளிர்மஞ்சள் தட்டான்கள் உட்காராமல் சுற்றிக்கொண்டிருந்தன. தட்டான் தாழப் பறந்தால் மழை என்பார்கள் நம் ஊரில். இவற்றின் பயணம் மழையோடு போவதுதான். மாலத்தீவில் வாழ்ந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009இல் எழுதிய ஆய்வின்படி, அக்டோபரில் இந்தியாவிலிருந்து கிளம்பும் இந்தத் தட்டான்கள் காற்றோடு மாலத்தீவைத் தாண்டி, இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன. ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லாத பூச்சி. அந்தக் கடல் பயணம் எத்தனை பெரியது என்று யோசித்துக்கொண்டே நாங்கள் இருவரும் அண்ணாந்து பார்த்தோம். படம் ஒன்றுகூடத் தேறவில்லை. உட்கார்ந்தால்தானே.

நன்மங்கலம் காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். மேடவாக்கம் பக்கம் சுமார் 320 ஹெக்டேரில் இருக்கும் முட்காடு, நடுவே கைவிடப்பட்ட கல்குவாரி, அதன் பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை. அன்று உள்ளே போகவில்லை, அதனால் ஒன்றும் குறையவில்லை. சாலையோரப் புங்கமரத்தில் முசிறு எறும்புகள் இலையைத் தைத்துக் கூடு கட்டியிருந்தன. கூட்டை விட்டுச் சற்றுத் தள்ளி, ஒரு எறும்பு இன்னொரு எறும்பைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனது. "காலை எண்ணு" என்றேன். தோழன் லென்ஸை ஒட்டி வைத்து எண்ணினான். எட்டு. எறும்புக்கு ஆறுதான்.

அது எறும்பு இல்லை, முசிறைப்போல வேடம் போட்ட குதிக்கும் சிலந்தி. அதே செம்பழுப்பு, அதே ஒடுங்கிய இடுப்பு. முன்னங்கால் இரண்டையும் மேலே தூக்கி உணர்கொம்பாக ஆட்டுகிறது. ஆணுக்கு இன்னொரு படி. அதன் தாடை முன்னோக்கி நீண்டு, நுனியில் ஆளுக்கொரு கறுப்புப் பொட்டு. தூரத்திலிருந்து பார்த்தால் அந்தத் தாடை வாயில் கவ்விய இன்னொரு எறும்பின் தலை, பொட்டுதான் அதன் கண். முசிறு கடித்தால் எப்படி எரியும் என்று மாமரம் ஏறிய எல்லோருக்கும் தெரியும், பறவைகளுக்கும் தெரியும். அந்தப் பயத்தில்தான் இது பிழைக்கிறது. ஆனால் உண்மையான முசிறு எதிரே வந்தபோது சிலந்தி சட்டென்று இலையின் அடிப்பக்கம் நழுவியதைப் பார்க்க வேண்டுமே! நெருங்கினால் குட்டு உடையும் என்பது அதற்கும் தெரிந்திருக்கிறது. அகலமான முன்கண்கள் இரண்டும் லென்ஸைப் பார்த்துத் திரும்பிய ஒரு நொடியில் அவன் அமுக்கினான். அன்றைய நாளின் சிறந்த படம் அதுதான்.

பொழுது சாயும் வேளையில் மாடம்பாக்கம். சோழர் காலத்துத் தேனுபுரீசுவரர் கோயிலைத் தாண்டி டீ குடித்துவிட்டு, பக்கத்து மனைப்பிரிவில் காய்ந்த புல் காம்புகளைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். நான் தேடியது நீலப்பட்டைத் தேனீ. இதன் ஆண்களுக்குக் கூடு கிடையாது. இருட்டும்போது ஏதாவது காம்பைத் தாடையால் கவ்விக்கொள்ளும், காலை மடக்கிக்கொள்ளும், காற்றில் நீட்டிய உடம்போடு அப்படியே தூங்கிவிடும். ஒரே காம்பில் வரிசையாகத் தூங்குவதும் உண்டு. அன்று இருந்தது. கரிய வயிற்றில் வெளிர்நீல மயிர்ப்பட்டைகள், பழுப்புக் கம்பளி போர்த்திய மார்பு, பெரிய பச்சைக் கண். முக்காலி வைத்து, மெதுவாக, ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்தித் தொடர்ச்சியாக எடுத்துப் பிறகு கணினியில் ஒன்றாக்கும் வித்தையெல்லாம் இப்படித் தூங்கும் பூச்சியிடம்தான் செல்லும்.

இதற்குப் பொறுமை இல்லாத சிலர் பூச்சியைப் பிடித்து ஃப்ரிட்ஜில் வைத்து, விறைத்ததும் எடுத்து இலையில் வைத்துப் படமெடுப்பதுண்டு. போட்டியில் பரிசுகூட வாங்கிவிடுவார்கள். கொஞ்சம் பழகிய கண்ணுக்குக் காட்டிக்கொடுத்துவிடும்: உயிருள்ள பூச்சி அப்படிக் காலை வைக்காது. அது படம் அல்ல, பித்தலாட்டம்.

இருட்டிய பிறகு முடிச்சூர்ப் பக்கம் போனது தவளைக்காக. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மாடி வரை தண்ணீர் பார்த்த பகுதி. அங்கே இன்னும் பள்ளமான மனைகளில் மழைநீர் தேங்கும். டார்ச் அடித்தால் நீரில் எலுமிச்சை மஞ்சளில் தவளைகள், கத்தும்போது இரு கன்னத்திலும் அடர்நீலப் பைகள் புடைக்கின்றன. மற்ற நாளில் சேற்றுப்பச்சையாகக் கிடக்கும் அதே பெருந்தவளைதான். மழையில் இணை தேடும்போது ஆண்களுக்கு இந்த நிறம் ஏறும். சின்ன உயிர் என்று இதைச் சொல்ல முடியாது, உள்ளங்கை கொள்ளாது. ஆனாலும் தவளைக்காக அடுத்த வருஷம் கடல் தாண்டப் போகிறவனுக்கு இதைக் காட்டாமல் விட முடியுமா? இந்தத் தவளையின் காலை வெட்டி ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு நம்முடையது, 1987இல்தான் தடை வந்தது. "இது இங்க இருக்குன்னு எவனும் சொல்லலையேடா" என்றான். சொல்ல மாட்டார்கள். இரவில் தூங்க விடாமல் கத்துகிறது என்று மட்டும் சொல்வார்கள்.

போக விரும்புகிறவர்களுக்கு: புரட்டாசிக் கடைசியிலிருந்து தை வரை நல்ல பருவம். மார்கழி, தையில் விடியற்காலைப் பனியில் பூச்சிகள் அசையாது. காலை ஆறு முதல் ஒன்பது, மாலை ஐந்துக்குப் பிறகு. கேமரா இல்லாவிட்டால் போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் போதும். எடுத்த படத்தை ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இடமும் தேதியும் போட்டு ஏற்றினால் பெயர் சொல்ல ஆள் இருக்கிறார்கள். 1978 முதல் இயங்கும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகளோடு போனால் கண் சீக்கிரம் பழகும். நீர்க்கரையில் பாம்பு உண்டு, கால்மூடிய செருப்பு போடுங்கள். எருக்கம்பால் பட்ட கையைக் கண்ணில் வைக்காதீர்கள்.

இன்னொன்று, இது மனை வாங்கிப் போட்டிருப்பவர்களுக்கும், ஏரிக்கரையை அழகுபடுத்தத் திட்டம் போடுகிறவர்களுக்கும். காலி மனையைச் "சுத்தம்" செய்ய ஜேசிபி வைத்து வழிக்கும்போதும், கரை முழுக்க சிமென்ட் கல் பதித்துப் புல்தரை போடும்போதும் போவது நான் மேலே சொன்ன அத்தனையும்தான். புல்தரையில் ஒரு வெட்டுக்கிளிக்கும் சோறு இல்லை. வீடு கட்டும்வரை எருக்கை வெட்டாதீர்கள். நடைபாதை வேண்டுமென்றால் கரையின் மேல்புறம் போடுங்கள். நீர்ப்பக்கத்துச் சரிவில் எருக்கும் தும்பையும் நாயுருவியும் தாமாக முளைக்கும், அதற்கு டெண்டரும் வேண்டாம், பராமரிப்புச் செலவும் கிடையாது.